வலது பக்கத்து ஃபிரேம்

மறுபடியும் சரியாகத்தான் வந்தது. இளஞ்சியத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை. தப்பாக வந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம், சரியாக வருவதை என்ன செய்வது. கம்ப்யூட்டர் திரையில் மேலே இருந்த பெட்டியில் இன்னொரு எண்ணை அடித்தாள். பக்கத்தில் 'காட்டு' என்று ஒரு பட்டன். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அமுக்கினாள். இடது பக்கத்து ஃபிரேமில் ஒரு ஆளின் பெயர், வயது, ஊர். கீழ் ஃபிரேமில் கையெழுத்துப் போடும் டாக்டரின் பெயரும் தேதியும். வலது பக்கத்து ஃபிரேம் மட்டும், அதன் வழக்கப்படி, கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஆளின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று வரிசையாக இறக்கியது. அதில் பெயர் கிடையாது. அடியில் பொடி எழுத்தில் எண் மட்டும் இருக்கும். இளஞ்சியம் கழுத்தை நீட்டி அந்த எண்ணைப் பார்த்தாள், இடது பக்கத்து எண்ணைப் பார்த்தாள், மறுபடி வலது. ஒரே ஆள்தான். ஒரு பட்டன், மூன்று ஃபிரேம், ஒரே ஆள். ஆபீஸை நடத்தும் ஜெரால்டு சார் இதைத்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பக்கம் முழுக்க மறுபடி வரவேண்டாம், ஒரே அமுக்கில் மூன்று ஜன்னலும் தானாக மாறும் என்று. இன்று சாயங்காலம் ரத்தப் பரிசோதனைக் கூடத்து டாக்டர் வந்து பார்க்கப் போகிறார். பார்த்துச் சரி என்றால் நாளைக் காலை அவருடைய எல்லாக் கிளைகளிலும் இதுதான் ஓடும். அந்தப் பட்டனுக்கான புரோகிராமை எழுதியது இளஞ்சியம். பயிற்சிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவளையும் அபர்ணாவையும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள், இருக்கப் போவது ஒருத்திதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூலையில் இருந்த காலி மேசையை எடுத்துப் போனதிலிருந்து எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அதைப் பார்த்தாள். பார்த்தாளா. சாப்பிட்டுவிட்டு வந்து, பாதித் தூக்கத்தில், சோதனைக்காகப் போட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோது இடது பக்கத்தில் ரிஸ்வானா, வயது ஆறு, உறையூர் என்று இருந்தது, வலது பக்கத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பத்திரண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சர்க்கரையா என்றுதான் முதலில் நினைத்தாள், பாவமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்தச் சர்க்கரை பெருமாயியுடையது என்று ஞாபகம் வந்தது, அதற்கு முன்னால் பார்த்த அறுபத்து மூன்று வயது அம்மாள். பொடி எழுத்தைப் பார்த்தாள். பெருமாயியின் எண்தான். அபர்ணாவைக் கூப்பிட்டாள். அபர்ணா கையில் டம்ளரோடு வந்து, குனிந்து, மவுஸை வாங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள். ரிஸ்வானாவுக்கு ரிஸ்வானாவின் சர்க்கரை வந்தது. "எங்கடி" என்றாள். இன்னும் பத்துப் பேரை ஓட்டிக் காட்டினாள், எல்லாம் சரி. "சாப்பிட்டதும் தூங்கிட்ட. கனவுல பார்த்திருப்ப" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, டம்ளரை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த டம்ளர் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. இளஞ்சியம்தான் கழுவி வைத்தாள். அதை ஏன் கழுவினோம் என்று இப்போது வரைக்கும் உறுத்துகிறது. கனவு என்றால் பொடி எழுத்தில் எண் எப்படித் தெரியும். கனவில் யாராவது எண் படிப்பார்களா. அன்றைக்கே ஜெரால்டு சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது. ஒரு தடவை வந்தது சார், திரும்ப வரவில்லை சார். காட்டு என்பார். காட்டுவதற்கு என்ன இருக்கிறது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் அதைத் துரத்தினாள். வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தால் அது வருவதில்லை. இதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தன்னிச்சையாக வருவது என்றால் எப்போதாவது வந்து தொலைக்க வேண்டுமே. யாரோ வரவழைத்திருக்கிறார்கள், யாரோ எடுத்தும் விட்டார்கள். எல்லாருடைய வேலையும் பொதுவான ஒரே இடத்தில்தான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம், ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி பழையபடி வைத்துவிடலாம். திங்கட்கிழமை அவள் கை கழுவப் போயிருந்தபோது அபர்ணா எங்கே இருந்தாள். சாப்பாட்டு மேசையில்தான் இருந்தாள். முழு நேரமுமா. எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தாள், வற்புறுத்தி வைத்தாள், வாங்கிக்கோடி, உன் ஹாஸ்டல் சாம்பாரைவிடத் தேவலாம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அல்லது ஹாஸ்டல் என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னாளா. அவள் பெயரை இளஞ்சி என்று சுருக்கியதும் அபர்ணாதான், இப்போது ஜெரால்டு சார்கூட அப்படிக் கூப்பிடுகிறார். முழுப் பெயரும் பிழைத்திருந்தால் ஒருவேளை பெயரைப் பார்த்தாவது ஞாபகம் வைத்திருப்பார்கள். அபர்ணா வீட்டில் அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்களாம். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். பெருமையடித்துக்கொள்ளவில்லை, மிக்ஸி வாங்கியது போலத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் இளஞ்சியத்துக்குத் தாங்கவில்லை. சரி, அவள் கெடுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம், அவள் எதற்குக் கெடுக்க வேண்டும், அவளுக்கு எப்படியும் இந்த இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் சென்னையில் இன்னொன்று கிடைக்கும். கெடுப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. காரணமில்லாமல் ஒருத்தியைச் சந்தேகப்படுகிற தன் புத்தியை அவள் சந்தேகப்பட்டாள்.

தரை லேசாக அதிர்ந்தது. கீழ் மாடியில் பல் டாக்டர். தில்லைநகரில் இந்தக் கட்டிடத்தில் மேலே கம்ப்யூட்டர், கீழே பல். யாருடைய பல்லையோ குடைகிற சத்தம் செருப்பு வழியாக ஏறி அவள் தாடையில் வந்து நின்றது. ஒருவேளை அதிர்வில்தான் கம்பி ஆடி, வலது ஃபிரேம் மட்டும் விட்டுப்போயிருக்குமோ. அசட்டுத்தனம். கம்பி ஆடினால் மூன்றும் போக வேண்டும். கம்ப்யூட்டரே பழைய பக்கத்தை எங்காவது ஒளித்து வைத்துக்கொண்டு அதையே எடுத்து நீட்டுகிறதா. அதையும் நேற்றே துடைத்துப் பார்த்தாயிற்று. அப்படியென்றால் கண். கண் டாக்டரிடம் போகச் சொல்லி அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு துவரங்குறிச்சியில் ரத்தம் கொடுத்துவிட்டு, காகிதத்தை வாங்கி வருவார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அம்மாவின் பெயர் எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரியும், நீளமாக இருக்கும், நடுவில் ஒரு சுழி. அந்தச் சுழியைப் பார்த்துவிட்டுத்தான் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அப்புறம் டாக்டர். அவர் காகிதத்தை விரித்ததும் கண் நேராக வலது பக்கம் போகும், எண்ணுக்கு. மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். பெயரைப் பார்ப்பது அப்பா, எண்ணைப் பார்ப்பது டாக்டர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த அறையில் ஆளே இல்லை. காகிதம்தான் சேர்த்து வைத்திருக்கிறது என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள். அந்த மாதிரிக் காகிதத்தை இனி இந்த மூன்று ஃபிரேமும் சேர்ந்துதான் அச்சடிக்கப் போகின்றன. ரிஸ்வானா மாதிரி ஒரு பிள்ளையின் அம்மா அதை மடித்துப் பையில் வைப்பாள். இளஞ்சியம் பட்டனை மறுபடி அமுக்கினாள், மெதுவாக, ஒரு பூச்சியை அழுத்துவது போல. சரியாகத்தான் வந்தது.

எழுந்துபோய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். ஜெரால்டு சார் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அபர்ணா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ பேசி, அபர்ணா சிரித்தாள். இளஞ்சி என்ற சொல் நடுவில் வந்ததா. வந்த மாதிரி இருந்தது. இங்கிலீஷில் எத்தனையோ சொல் அந்த மாதிரி இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தவள் போலத் திரும்பி, தண்ணீர் குடித்தாள். சொன்னால் என்ன ஆகும். ஒத்திப்போடுவார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார். தப்பைக் காட்டு என்பார்கள், காட்ட முடியாது, அப்போது தப்பு அவளுடைய புத்தியில் என்று ஆகும், பதட்டக்காரி, அழுத்தம் தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். இரண்டு நாளாக வரவில்லையே. கனவு என்று அபர்ணா சொன்னதையே எடுத்துக்கொள்ளலாம், அவள் சொன்னபோது கோபம் வந்தது, இப்போது அது வசதியாக இருந்தது. வசதியாக இருப்பதாலேயே அதை நம்ப முடியவில்லை. அப்பா டீக்கடையில் இவளைப் பற்றிச் சொல்வதில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் தண்ணி லாரி ஓட்டும்போது முன்கண்ணாடியில் இவளுடைய ஆபீஸ் விலாசம் அச்சடித்த கார்டைச் செருகி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாத கார்டு. போலீஸ்காரர் யாராவது வண்டியை நிறுத்தினால் அதைப் பார்க்கட்டும் என்று.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கோமதிநாயகம் என்று பெயர், கட்டையான மனிதர், அரைக்கைச் சட்டை, வந்ததும் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். உங்கள் விளையாட்டுப் பெயர்கள் வேண்டாம், நிஜமானதைப் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லி, தன் கூடத்தில் இந்த வருஷம் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் அடங்கிய ஒரு சிடியைக் கொடுத்தார். ஏற்றுவதற்கே நேரம் பிடித்தது. அதற்குள் காப்பி வந்தது. ஓட்டிக் காட்ட அபர்ணாவை உட்காரச் சொன்னார் ஜெரால்டு சார். எழுதியது இளஞ்சி என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படிச் சொன்னது நல்லதற்கா, ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்று இப்போதே காட்டி வைக்கவா. இளஞ்சியம் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வலது ஃபிரேம் முன்னைவிட மெதுவாக வந்தது, சுமை கூடிவிட்டது, ஆனால் வந்தது, ஒவ்வொரு தடவையும் சரியான ஆளோடு வந்தது. திரையையே பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததால் பார்வை தானாகக் கீழே இறங்கி அபர்ணாவின் கையில் நின்றது. மோதிரம் போட்ட கை. எண்ணை அடித்தாள், மவுஸுக்குப் போனாள், ஒரு சத்தம் கேட்டது. டிக். அவ்வளவுதான். விரலை எடுத்துவிட்டாள், எடுத்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், அமுக்கியது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் எண். டிக். இளஞ்சியத்துக்கு அந்தச் சத்தத்தில் ஏதோ குறைந்தது. படியில் இன்னொரு படி இருக்கும் என்று கால் வைத்து, இல்லாமல் போகிற மாதிரி. அவள் கை தன் புடவை மடிப்பின் மேல் தானாக அசைந்தது. டிக் டிக்.

கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். முதல் நாள், படத்தின் மேல் இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், இவள் அதை எழுதி வைத்துக்கொண்டாள். படத்துக்கு இரண்டு, பட்டனுக்கு ஒன்று என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் தட்டித் தட்டித் தெரிந்துகொண்டிருப்பார்கள். இவளுடைய முறை வரும்போது பின்னால் மூன்று பேர் நிற்பார்கள், ஒரு தட்டு படாமல் போனால் நேரம் போய்விடும், அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு. ஏடிஎம்மில் இரண்டு, காலிங்பெல்லில் இரண்டு. அது தன் விரலில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. செவ்வாயும் புதனும் தப்பைப் பிடிக்க உட்கார்ந்தபோது, பூச்சியை அழுத்துவது போல மெதுவாக, ஒன்றே ஒன்று. சந்தேகப்பட்டு அமுக்கியதெல்லாம் ஒற்றை. திங்கட்கிழமை பாதித் தூக்கத்தில் அமுக்கியது இரட்டை. அதற்கு முன்னாலும் வந்திருக்கலாம், பெயரில்லாத வலது பக்கத்தை அவள் கவனித்திருக்க மாட்டாள். அப்படியென்றால் இரண்டாவது தட்டு என்ன செய்தது. என்ன செய்யும், ஒன்றும் செய்யக் கூடாது, அதற்குத்தான் ஒரு வரி எழுதியிருந்தாளே. ஒரே ஆளை இரண்டு தடவை கேட்டால் ஃபிரேம் பாதியில் தொங்குகிறது, சரி பண்ணு என்று ஜெரால்டு சார் சொல்ல, ஃபிரேம் வந்துகொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டால் நிறுத்து என்று எழுதினாள். இரண்டாவதாகக் கூப்பிட்டதை நிறுத்தும் என்று நினைத்து. அது எதை நிறுத்தும். வந்துகொண்டிருப்பதை நிறுத்தும். வந்துகொண்டிருப்பது முதலாவது. இடது ஃபிரேம் இலேசானது, அதற்குள் வந்து சேர்ந்துவிட்டிருக்கும். வலது ஃபிரேம் பாதி வழியில் நின்று, பழைய ஆளையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அபர்ணா இல்லை, கம்பி இல்லை, கண் இல்லை. அவளுடைய வரி, அவளுடைய விரல். மூன்று நாளாகத் தேடிய ஆள் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தேடியிருக்கிறாள். நிம்மதி மாதிரி ஏதோ வந்தது, வந்தவுடனே போய்விட்டது, ஏனென்றால் டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்லா இருக்கு, அப்ப நாளைக்கே போட்டுடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாரும் கிளம்பி இறங்கிப் போன பிறகு அந்த ஒரு வரியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன. யாருக்குத் தெரியப் போகிறது. அதுவும் தோன்றியது. ஆனால் சத்தமில்லாமல் எழுதிய ஒரு வரிதான் இவ்வளவும் செய்திருக்கிறது, இன்னொன்று என்ன செய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அவளை நம்பித்தானே எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். அவளே அவளை நம்பவில்லையே.

"சார், நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா" என்றாள். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஜெரால்டு சார் கண்ணாலேயே எதற்கு என்று கேட்டார். டாக்டர், எழுதின பிள்ளை ஆசைப்படுகிறது, செய்யட்டும் என்றார். அபர்ணா எழுந்து இடம் விட்டாள். நாற்காலி சூடாக இருந்தது. முதல் எண்ணை அடித்து அமுக்கினாள், இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விரல் பயந்து ஒற்றையாக விழுந்தது, யாரோ எழுபது வயதுப் பெரியவர் வந்தார், வலது பக்கத்தில் அளவு மீறிய அவருடைய எண்கள் சிவப்பாக இறங்கின, சரியாக. டாக்டர் அதைப் பார்க்கவில்லை, ஜெரால்டு சாரிடம் கிளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது எண்ணை அடித்தாள். பின்னால் மூன்று பேர். டிக் டிக். இடது பக்கத்தில் ஞானசுந்தரி, வயது இருபத்தெட்டு, மணச்சநல்லூர். வலது பக்கம் ஒரு கணம் அசைந்து, அப்படியே நின்றது. சிவப்பு எண்கள். அழகாகத்தான் இருந்தது, எந்த ஃபிரேமும் காலியாக இல்லை, எல்லாம் ஒரு காகிதம் போலப் பொருந்தி இருந்தது. டாக்டர் திரும்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழக்கப்படி வலது பக்கத்தைப் படித்தார், அப்புறம் வயதைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வயசுல கிட்னி இந்த நிலைமையிலயா. யாருய்யா இது, இந்தப் பொண்ணை உடனே வரச்சொல்லணுமே."

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் இளஞ்சியம். "அது முன்னால பார்த்த பெரியவரோட ரத்தம். அடியில எண்ணைப் பாருங்க." டாக்டர் குனிந்து பொடி எழுத்தைப் பார்க்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பட்டனை இரண்டு தடவை தட்டினால் இப்படி ஆகிறது என்றும், நிறுத்தச் சொன்ன வரி தான் எழுதியது என்றும் அவள் சொன்னாள், சொல்லும்போது அபர்ணாவைப் பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். எங்கள் கவுன்ட்டரில் எல்லாரும் எத்தனை தட்டுத் தட்டுவார்கள் என்று எனக்கே தெரியாதே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நாளைக்கு வேண்டாம், சரியானதும் கூப்பிடுங்கள் என்று எழுந்தார். அபர்ணா அவரோடு படி வரைக்கும் போனாள். போகும்போது இளஞ்சியத்தின் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள், அது எந்த மாதிரிக் கை என்று கண்டுபிடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

ஜெரால்டு சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எழுந்துகொள்ளப் போனவளை உட்கார் என்று கையைக் காட்டினார். திட்டுவதற்கு முன்னால்கூட உட்காரத்தான் சொல்வார்கள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"காரணம் இப்பதான் சார் தெரிஞ்சுது. அபர்ணா அமுக்கும்போது." அது பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம், அவரும் அதோடு விட்டுவிடுவார் போலத்தான் இருந்தது. தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பைப் பார்த்தது திங்கக்கிழமை" என்றாள்.

தலையாட்டுவது நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம், கீழே பல் டாக்டர் மிஷினை நிறுத்தியிருந்தார். ஜெரால்டு சார் அவள் கைக்கு அடியிலிருந்து மவுஸை இழுத்துக்கொண்டு, ஒரு எண்ணை அடித்து, தட்டினார், தட்டினார். அவருடைய இரண்டு தட்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. மூன்று ஃபிரேமும் ஒரே ஆளைக் காட்டின. இன்னொரு எண். இன்னும் வேகமாக. சரியாகத்தான் வந்தது. அவருடைய விரலுக்கு அது வரவில்லை. மேசை மேல் மவுஸை அவள் பக்கம் தள்ளினார், தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ தட்டு" என்றார். வேலைக்குச் சொல்கிறாரா, கோபத்தில் சொல்கிறாரா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டு இளஞ்சியம் அடுத்த எண்ணை அடித்தாள்.